சிரிக்கவைக்க உரிமை பெற்றவர்கள்: தமிழ் நகைச்சுவையின் வரலாறு

எதிர்பார்ப்பு கவிழும்போது சிரிப்பு பிறக்கிறது. ஒரு பேச்சு ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். கடைசி வரியில் சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும். கவிழ்வது ஒரு சொல்லின் பொருளாக இருக்கலாம், ஒருவருடைய வீறாப்பாக இருக்கலாம், உலக நடப்பாகவும் இருக்கலாம். எதுவானாலும், கவிழ்வதற்கு முன் அது நிமிர்ந்து நின்ற நிலை கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஊர் வேடிக்கை அடுத்த ஊரில் எடுபடாமல் போவது இதனால்தான். ஆனால் இது பாதி விளக்கமே. யார் சொல்கிறார், யாரைச் சொல்கிறார், யார் முன்னால் சொல்கிறார் என்பது மீதிப் பாதி. மச்சானைப் பார்த்துச் சொன்னால் வேடிக்கையாகிற பேச்சு, மாமனாரைப் பார்த்துச் சொன்னால் வம்பாகிவிடும். தமிழில் நகைச்சுவையின் வகைகள் காலந்தோறும் பெருகியிருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து பார்த்தால், பெரிதாக மாறியது இந்த இரண்டாம் பாதிதான் என்பது விளங்கும். கேலி பேசும் உரிமை உறவுக்காரர், கூத்துக் கோமாளி, புலவர், பத்திரிகை, திரை நடிகர் என்று கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

நகையைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய ஆராய்ச்சி தொல்காப்பியத்தில் இருக்கிறது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது முதலிடம் கொடுப்பது நகைக்குத்தான். அழுகைகூட அதற்கு அடுத்தது. வடமொழி நாட்டிய சாத்திரம் முதலில் வைப்பது சிருங்காரத்தை. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் கணக்கிடுகிறார். பிறரை இகழ்ந்து சிரிக்கும் எள்ளல் ஒன்று. குழந்தைத்தனத்தால் வரும் இளமை இன்னொன்று. விவரம் தெரியாமையால் விளையும் பேதைமை மூன்றாவது. நான்காவதான மடன், சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொண்டு விடாத குணம். பேதைமையையும் மடனையும் இப்படிப் பிரித்தது கூர்மையான பார்வை: ஒன்றும் தெரியாதவன் ஒருவகைச் சிரிப்பு, தெரிந்த ஒன்றை எல்லா இடத்திலும் பொருத்துகிறவன் வேறுவகைச் சிரிப்பு. உரையாசிரியர்கள் இன்னும் ஒரு படி போய், இவை தன்னிடம் தோன்றுவதும் உண்டு, பிறரிடம் தோன்றுவதும் உண்டு என்று பகுத்தார்கள். தன்னைத்தானே கேலி செய்துகொள்வதும் இலக்கணத்துக்குள் வந்துவிட்டது.

செய்யுளியலிலும் இதன் தொடர்ச்சி உண்டு. உரைநடையின் வகைகளைச் சொல்லும் இடத்தில், பொருளோடு கூடிய நகைமொழியை ஒரு தனி வகையாகவே தொல்காப்பியம் கொள்கிறது. விடுகதைக்குப் பிசி என்று பெயரிட்டு இடம் தருகிறது. நையாண்டிக்கு அங்கதம் என்று பெயர். நேருக்கு நேர் வைவது செம்பொருள் அங்கதம், வசையை மறைத்து வைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். பிற்காலத்துச் சிலேடைப் புலவர்களும் இருபதாம் நூற்றாண்டின் அரசியல் துணுக்கு எழுத்தாளர்களும் பிழைத்தது இந்த இரண்டாம் வகையால்தான்.

சங்கப் பாடல்களில் சிரிப்பு பெரும்பாலும் புன்சிரிப்போடு நின்றுவிடும். கலித்தொகை விதிவிலக்கு. அதில் ஒரு குறிஞ்சிக்கலியில், இரவில் காதலனுக்காகக் காத்து நிற்கும் பெண்ணிடம் ஊர்க் கிழவர் ஒருவர் வந்து வெற்றிலை நீட்டி வழிகிறார்; அவள் மணலை அள்ளி வீச, அவர் அலறி ஊரைக் கூட்ட, அன்றைய சந்திப்பு கெட்டுப்போகிறது. மருதக்கலியில் குள்ளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் ஒருவரையொருவர் உருவத்தைச் சொல்லி ஏசியபடியே காதல் பேசுகிறார்கள். உடற்குறையைச் சிரிப்புக்குப் பயன்படுத்தும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதுவே சாட்சி. தமிழ் சினிமாமீது மட்டும் பழியைப் போட முடியாது.

ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சிபுரத்தில் அரசனே நையாண்டி எழுதினான். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் வடமொழியில் அமைந்தது, ஆனால் களம் முழுக்க முழுக்கக் காஞ்சி. குடித்துவிட்டுத் திரியும் காபாலிகன் ஒருவன் பிச்சைப் பாத்திரமான மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி திருடிவிட்டார் என்று சண்டைக்கு நிற்கிறான். நியாயம் சொல்ல வரும் பாசுபதரால் குழப்பம் கூடுகிறது. உண்மையில் கபாலத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். அரசன் ஆண்ட நகரத்தில் அரசனின் குடிகளாக வாழ்ந்த சமயத்தார் எல்லாருமே இதில் சிரிப்புக்கு ஆளாகிறார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது யோசிக்க வேண்டிய கேள்விதான். கேரளத்துக் கூடியாட்டக் கலைஞர்கள் இந்த நாடகத்தைத் தொடர்ந்து மேடையில் காப்பாற்றி வந்தார்கள்.

ஏட்டில் ஏறாத நகைச்சுவையின் பெரும்பகுதி உறவுமுறையில் இருந்தது. மாமன், மச்சான், கொழுந்தியாள், அத்தை மகள், மாமன் மகள் இவர்களெல்லாம் கேலிக்கு உரிய முறை. அண்ணன் தங்கை, மாமனார் மருமகள் இடையே அந்த வாசலே கிடையாது. பேத்தியைப் பார்த்து “என்னைக் கட்டிக்கிறியாடி?” என்று தாத்தா கேட்கலாம், அப்பா கேட்க முடியாது. மணம் செய்துகொள்ளும் முறை உள்ளவர்களுக்கிடையே சொல்லவும் தீண்டவும் கூச்சம் உள்ளதைச் சிரிப்பாக்கிச் சொல்லிவிட வழி செய்தது இந்த ஏற்பாடு. உலகின் பல சமூகங்களில் இதுபோன்ற கேலி உறவுகள் இருப்பதை மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் 1940இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். திருவிழாவின் கடைசி நாளில் முறைப்பெண்ணும் முறைமாமனும் மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்வதும், நலுங்கின்போது அப்பளத்தைத் தலையைச் சுற்றி நொறுக்குவதும் இதன் வடிவங்களே. கல்யாண வீட்டுச் சம்பந்தி ஏசல் இன்னும் ஒரு படி மேல். சம்பந்தியின் கஞ்சத்தனம், பெருந்தீனி, மாப்பிள்ளையின் மூக்கு என எல்லாவற்றையும் பெண் வீட்டார் ராகத்தோடு பாடிக் கிழிப்பார்கள். அதைக் கேட்டுச் சிரித்தாக வேண்டும், கோபித்துக்கொள்வது மரியாதை இல்லை. பெண்கள் பலர் முன்னிலையில், உரத்த குரலில், ஆண்களைக் கேலி செய்ய அனுமதி கிடைத்த இடங்கள் அந்த நாளில் மிகச் சில. ஏசல் அவற்றில் ஒன்று.

ஊருக்கே பொதுவான கேலிக்குக் கூத்தில் ஆள் இருந்தான். தெருக்கூத்தின் கட்டியக்காரன் அரசனின் வருகையைக் கட்டியம் கூறி அறிவிப்பவன். ஆனால் துரியோதனன் செய்யுளில் பேசுவதை அவன் தெருப்பேச்சில் திருப்பிச் சொல்லும்போது அரச கம்பீரம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பாரதக் கதை நடக்கும்போதே அவன் உள்ளூர் விவகாரத்துக்குத் தாவுவான், முன்வரிசையில் இருப்பவரை வம்புக்கு இழுப்பான், உடனே ஏதும் நடக்காததுபோல அஸ்தினாபுரத்துக்குத் திரும்பிவிடுவான். தோல்பாவைக்கூத்தில் இந்த வேலையை உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்தார்கள். ராமாயணத்தில் இல்லாத இந்த இருவருக்காகவே கூத்துக்கு வந்த கூட்டம் உண்டு. குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும், பள்ளு நாடகங்களில் சண்டை போடும் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும், அந்தச் சண்டைக்கு நடுவே அசடு வழியும் பண்ணைக்காரனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பண்ணை நிலத்தில் உழைப்பவர்கள் பண்ணை விசாரிப்பவனின் தொந்தியையும் தோரணையையும் வைது தீர்க்கும் காட்சிகள் பள்ளு நூல்களில் வருகின்றன. நூலை எழுதியவர்கள் புலவர்கள்தான், உழவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

புலவர்களின் ஆயுதம் சிலேடை. ஒரே சொற்றொடர் இரண்டு பொருள் தருவதைத் தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் வந்தால் முதல்வகை, வேறு இடத்தில் வெட்டிப் படித்தால்தான் இரண்டாம் பொருள் வரும் என்றால் அடுத்த வகை. சந்தியில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும் தமிழுக்கு இரண்டாம் வகை கைவந்த கலை. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் இதன் உச்சம். பாம்பையும் எள்ளையும், பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடைத்தவர் அவர். இந்த வெண்பாக்களைக் கேட்டதும் யாரும் விழுந்து சிரிப்பதில்லை. இரண்டாம் பொருள் பிடிபடும் நொடியில் முகம் மலரும், அவ்வளவே. ஆனால் வசை என்று வந்துவிட்டால் காளமேகம் வேறு ஆள். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சோறு தாமதமானதைப் பாடியபோது, பொழுது சாயும்போதுதான் அரிசி வருகிறது, ஊர் அடங்கியபின் உலையில் விழுகிறது, இலையில் ஒரு அகப்பை விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுகிறது என்று அடுக்கினார். சத்திரக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாகவும் பொருள் சொல்லிக் காட்டினார் என்பது வழங்கும் கதை. பழிகரப்பு அங்கதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தெய்வங்களையும் புலவர்கள் விடவில்லை. பிச்சையெடுப்பவர், சுடுகாட்டில் ஆடுபவர், இரண்டு பெண்டாட்டிக்காரர் என்று சிவனை ஏசுவதுபோல் ஏத்துவது நிந்தாஸ்துதி. பக்தன் இங்கே கடவுளிடம் எடுத்துக்கொள்வதும் ஒரு மச்சான் முறைதான்.

காளமேகம் முதலானோரைச் சுற்றிய கதைகளில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்று பிரிப்பது வீண் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனிப்பாடல் திரட்டும், அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரியும் அச்சேறியபோது, வாய்வழி வந்த இந்தச் சிரிப்புகளெல்லாம் நூலாகிவிட்டன. புலவர்களின் பெயரால் உலவும் கதைகளைத் தமிழ்நாடு இன்று அறிந்திருக்கும் வடிவம் பெரும்பாலும் அந்த நூல்கள் தந்தது.

புத்திசாலியின் கதை, முட்டாளின் கதை என்ற இரு பெரும் வகைகளில் தமிழர் முதல்வகைக்குத் தெலுங்குப் புலவர் ஒருவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த தெனாலி ராமகிருஷ்ணர் பாண்டுரங்க மாகாத்மியம் என்ற காவியம் எழுதியவர். மக்கள் நினைவில் நிற்பதோ காவியம் எழுதாத தெனாலிராமன்: கிருஷ்ணதேவராயர் பூனை வளர்க்கப் பசு கொடுத்தால், பூனைக்கு முதல் நாளே கொதிக்கும் பாலை வைத்து, அது பாலைக் கண்டாலே ஓடும்படி செய்துவிட்டுப் பசுவின் பாலைத் தானே குடித்தவன். வடக்கே அக்பருக்குப் பீர்பால் எப்படியோ அப்படி இங்கே ராயருக்கு ராமன். இக்கதைகள் ஒவ்வொன்றிலும் விகடகவி தண்டனையின் விளிம்பு வரை போய், ஒரு வாக்கியத்தால் தலை தப்புகிறான். அரசனைக் கேலி செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் அரசன் சிரிக்கும் வரைதான் அந்த உரிமை செல்லும்.

முட்டாள் கதைகளின் சிகரம் பரமார்த்த குருவின் கதை. இத்தாலியில் பிறந்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த வீரமாமுனிவர் எழுதியது. குருவுக்குச் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள். புஸ் என்று சத்தம் வந்ததும் ஆறு சீறுகிறது என்று பின்வாங்குகிறார்கள். ஒருவழியாகக் கரையேறிய பின், ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஓராளை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கொரு அடி போட்டு, அடி வாங்கியவன் தன் பெயரைச் சொல்லும்படி செய்து கணக்கைச் சரிக்கட்டிக் காசு வாங்கிக்கொண்டு போகிறான். குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்குவதும், வாடகை மாட்டின் நிழலில் உட்கார்ந்ததற்குத் தனி வாடகை கேட்கப்படுவதும் இதன் பகுதிகளே. ஆற்றங்கரையில் தம்மையே எண்ண மறக்கும் மூடர்களின் கதை ஐரோப்பாவிலும் உண்டு. முனிவர் இரண்டு நாட்டுச் சரக்கையும் கலந்திருக்கிறார். கிறித்தவப் பாதிரியார் ஒருவர் இந்து மடத்துக் குருமாரைக் கேலி செய்யவே எழுதியது என்று சினந்தவர்களும் உண்டு. உள்ளபடி பார்த்தால் குருவையும் சீடரையும் இயக்குவது தொல்காப்பியர் சொன்ன மடன்தான், மதம் மிகக் கொஞ்சம். பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு தமிழ் மூலத்தையும் சேர்த்து 1822இல் லண்டனில் அச்சிட்டார். தமிழ் உரைநடைப் புனைகதை அச்சேறிய தொடக்கக் கட்டத்திலேயே அது சிரிப்புக் கதையாக இருந்தது.

அச்சு இதழ்களின் வருகையோடு நகைச்சுவை ஆளைவிட்டுப் பிரிந்தது. அதுவரை ஒரு வேடிக்கைக்கு ஒரு வாய் வேண்டும். கட்டியக்காரனோ மச்சானோ எதிரே நிற்க வேண்டும். இதழில் வந்த துணுக்கு யாருடைய வாயிலிருந்தும் வரவில்லை. பெயர் இல்லாத இருவர் பேசுவார்கள், இரண்டாமவர் சொல்லும் வரியோடு விஷயம் முடிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் மகாவிகடதூதன் போன்ற இதழ்கள் வந்தன. பாரதியார் ஆசிரியராக இருந்த இந்தியா வார இதழ் கேலிச்சித்திரங்களைத் தமிழில் முன்னோடியாக வெளியிட்டது. ஆனாலும் துணுக்கை வாரந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஆனந்த விகடன். 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய அதை 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் பெயரின் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்று சொல்வது வழக்கம். எழுத்தாளர் கல்கி அதில் நகைச்சுவைக் கட்டுரைகளால் வாசகரைப் பிடித்தார். திருவண்ணாமலை வக்கீல் எஸ்.வி.வி. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தார். தேவனின் துப்பறியும் சாம்பு, அசட்டுத்தனத்தாலேயே குற்றவாளிகளைப் பிடித்தான். மாலியும் அவருக்குப் பின் கோபுலுவும் வரைந்த சித்திரங்களில் சிரிப்பு சொல்லிலிருந்து கோட்டுக்கு இடம்பெயர்ந்தது. கோபுலுவின் வசனமில்லாத படத்துணுக்குகளுக்கு இலக்கணம் எந்தப் பழைய நூலிலும் இல்லை. 1940களில் வந்த கல்கி, குமுதம் இதழ்கள் போட்டியைக் கூட்டின. வாசகர்கள் அஞ்சலட்டையில் ஜோக் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். சிறு சன்மானமும் பெயர் அச்சில் வரும் மகிழ்ச்சியும் கிடைத்தன. ஜோக் எழுதுவதையே முழுமூச்சாகக் கொண்டவர்கள் ஊருக்கு ஊர் தோன்றினார்கள்.

பெயரற்ற பாத்திரங்கள் சில ஆண்டுகளில் உறைந்து வகைகளாகிவிட்டன. டாக்டர் ஜோக்கில் ஆபரேஷனுக்குப் போனவர் பிழைப்பதில்லை. “போன மாசம் நீங்க ஆபரேஷன் பண்ணின ஆள்தான் டாக்டர் நான்” என்று வந்து நிற்பவரிடம், “நம்பவே முடியலையே, இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லையே!” என்பார் டாக்டர். கபாலி என்ற பெயரில் ஒரு ஜேப்படித் திருடன், ஏட்டையா, மாமூல் என்று ஒரு வரிசை. தலைவரும் தொண்டரும் இன்னொரு வரிசை. மாப்பிள்ளை வீட்டோடு வந்து உட்கார்ந்துகொள்வது, மனைவி கையில் பூரிக்கட்டை, மாமியார் மருமகள் என்று குடும்ப வரிசை பெரிதிலும் பெரிது. இந்தக் கடைசி வகையை இன்று திருப்பிப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஏசல் பாட்டில் பெண்ணுக்கு இருந்த வாய் இங்கே பறிபோய், அவள் கேலியின் பொருளாக மட்டும் மிஞ்சினாள். ஒருவேளை எல்லாவற்றிலும் சுவையானது மன்னர் ஜோக். முடியாட்சி போய் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த வகை இது. “மன்னா, எதிரி கோட்டை வாசலுக்கே வந்துவிட்டான்!” “பதறாதீர்கள் அமைச்சரே, நம் சுரங்கப்பாதை அவனுக்குத் தெரியுமா என்று மட்டும் விசாரியுங்கள்.” புறமுதுகிடும் மன்னர், பொற்கிழிக்காகப் பொய் பாடும் புலவர், விசிறி வீசும் பெண்கள், ஓலை கொண்டுவரும் புறா என எல்லாம் சரித்திர நாவல்களிலும் பள்ளிப் பாடங்களிலும் படித்த வீரத்தின் தலைகீழ். சமகாலத்து ஆட்சியாளரைச் சொல்ல முடியாததையும் மன்னர் வேடத்தில் சொல்லிவிடலாம் என்பது கூடுதல் வசதி. விகடனில் கார்ட்டூனிஸ்டாக இருந்த சிம்புதேவன் இந்த வகையையே விரித்து 2006இல் இம்சை அரசன் 23ஆம் புலிகேசி என்ற முழுப் படமாக்கினார்.

மன்னர் வேடம் போடாமல் சொன்னால் என்ன ஆகும் என்பது 1987இல் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரன் சாயலில் ஒருவரையும் முகமூடிக் கொள்ளைக்காரன் சாயலில் இன்னொருவரையும் மற்றவர் அடையாளம் காட்டுகிறார். யாருடைய பெயரும் அதில் இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் இதை உரிமை மீறல் என்று எடுத்துக்கொண்டது, பி.எச். பாண்டியன் பேரவைத் தலைவர். விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரலில் அவருக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. இந்தியா முழுவதும் பத்திரிகையாளர்கள் எதிர்த்து எழவே, சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. ஊரில் ஆயிரம் பேர் திண்ணையில் சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய ஒரு ஜோக்குதான் அது. அட்டையில் அச்சாகிக் கடைவாசலில் தொங்கியதும் சபைக்கு வலித்தது.

இலங்கையில் இந்த மரபு தனக்கென ஓர் உருவம் பெற்றது. சி. சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கிய சிரித்திரன் இதழ் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. அதன் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பர், யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதரின் வீம்பையும் விவேகத்தையும் ஒருசேரக் காட்டுபவர். வானொலியில் புகழ் பெற்று 1976இல் திரைப்படமான கோமாளிகள், யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் ஆகியவற்றை ஒரே அறையில் மோதவிட்டுச் சிரிக்கவைத்தது. பேச்சு வழக்கைக் கேலி செய்யும் வகை எளிதில் புண்படுத்திவிடும். நால்வரும் சமமாக அடிபட்டதால் இங்கே அது தப்பித்தது.

மேடையில் பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதி, எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயரையும் ஒரே அளவு அசட்டுத்தனத்தையும் கொடுத்தது. 1941இல் அது படமாகவும் வெற்றி பெற்றது. சினிமாவில் நகைச்சுவையைத் தனிப் பகுதியாக்கியவர் என்.எஸ். கிருஷ்ணன். நடிகை மதுரத்தோடு சேர்ந்து அவர் அமைத்த காட்சிகள் முதன்மைக் கதையோடு ஒட்டாமலே ஓடும், கட்டியக்காரன் பாரதத்துக்குள் புகுந்ததுபோல. நந்தனார் கதையை உல்டாவாக்கி, கிந்தன் படித்து முன்னேறுவதாக அவர் நடத்திய கதாகாலட்சேபம் 1949இல் நல்லதம்பி படத்தில் இடம்பெற்றது. ஹரிகதை வடிவத்தை வைத்தே ஹரிகதையின் உள்ளடக்கத்தைக் கேள்வி கேட்ட வேலை அது. பின்னால் வந்த நாகேஷ் உடம்பையே வசனமாக்கினார். கவுண்டமணி செந்தில் இணை தொல்காப்பிய வகைப்பாட்டை மேடையேற்றியதுபோல் இருக்கும்: ஒருவர் எள்ளல், மற்றவர் மடன். கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழக் காட்சியில் செந்தில் கடைசிவரை தன் கணக்கை விடுவதில்லை; பரமார்த்த குருவின் சீடர்களுக்கு அவர் ஆறாமவர். கறுப்பு நிறம், வழுக்கை, குண்டு உடம்பு, திருநங்கையர் என்று கேலிக்கு இலக்கானவர்களின் பட்டியலும் இக்காலத்தில்தான் மிக நீண்டது. உதைப்பவரும் உதைபடுபவரும் நிரந்தரமாகிவிட்ட அந்தக் காட்சிகளில் பதிலுக்குப் பாடும் சம்பந்தி இல்லை.

சிலேடை சபா நாடகங்களில் மறுபிறவி எடுத்தது. அந்த மேடையிலிருந்து வந்த கிரேசி மோகன் வசனம் எழுதிய மைக்கேல் மதன காமராஜன் படத்தில் (1990) கல்யாணச் சாம்பாரில் விழுந்த மீன் ஒன்று படும் பாடு, சொல்விளையாட்டை மட்டும் நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சான்று. கல்லூரி விடுதிகளில் அதுவே கடி ஜோக் ஆயிற்று. “பஸ் ஸ்டாப்பில் நின்றால் பஸ் வரும். ஃபுல் ஸ்டாப்பில் நின்றால்?” “அடுத்த வாக்கியம் வரும்.” கேட்பவர் சிரிக்காமல் தலையில் அடித்துக்கொள்வதே கடி ஜோக்குக்குக் கிடைக்கும் பாராட்டு. சிரிப்பு வராததையே சிரிப்பாக்கும் இந்த வகைக்குக் காளமேகத்தின் கூர்மை தேவையில்லை, துணிச்சல் போதும்.

பட்டிமன்றமும் தொலைக்காட்சிப் போட்டிகளும் சொல்பவரை மறுபடி மேடைக்கு அழைத்துவந்தன. பிறகு வந்த மீம், நடிகர் வடிவேலுவின் முகத்தை ஒரு மொழியாகவே ஆக்கியது. பழைய படத்தின் ஒரு காட்சி, புதிய இரண்டு வரி, அவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. காட்சி எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் முன்கதை சொல்ல வேண்டியதில்லை. 2019 மே மாதம், முகநூல் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். ஃபிரண்ட்ஸ் (2001) படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலை ஒருவர் நினைவூட்ட, நேசமணி நலம்பெற வேண்டும் என்ற பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்துவிட்டது. டெல்லியில் நரேந்திர மோதி இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாட்களில் நடந்தது இது. வெளிமாநிலத்தவர் யார் இந்த நேசமணி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வடிவேலு முகத்தை எதிரெதிர்க் கட்சியினர் ஒரே நாளில் ஒருவர்மேல் ஒருவர் எறிவதும் வாடிக்கையாயிற்று.

எவரும் எவரையும் கேலி செய்யலாம் என்று தோன்றும் இந்தக் காலத்திலும் எல்லை அழியவில்லை. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தபோது, முதல்வரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் சாடி கார்ட்டூனிஸ்ட் பாலா வரைந்த கேலிச்சித்திரம் சமூக ஊடகங்களில் பரவியது. நவம்பரில் அவர் சென்னையில் கைது செய்யப்பட்டு நெல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுவித்தது.